வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெற்றோருக்கு எந்தக் கூடுதல் காப்பீடு?

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது வயது 71. பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்தார். பில்லின் பெரும்பகுதியைக் காப்பீடு கட்டிவிட்டது. பில்லில் நம் பங்காகக் கட்ட வேண்டிய கோ-பே தொகையும், கையுறை, டயப்பர் என்று சில சில்லறைக் கணக்குகளும் மட்டும் எங்கள் கையிலிருந்து போயின. வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, பெரிய கண்டத்தைத் தாண்டிவிட்டோம் என்றுதான் நினைத்தோம்.

உண்மையில் செலவு அன்றுதான் தொடங்கியது. பகலுக்கு ஓர் அட்டெண்டர், ஃபிசியோ, ஏர் பெட், சக்கர நாற்காலி, மூக்குக் குழாய் மாற்ற வந்துபோகும் நர்ஸ், மாதாமாதம் டயப்பர். முதல் இரண்டு மாத மருந்துக்கும் ஃபிசியோவுக்கும் கொஞ்சம் பணம் திரும்பி வந்தது. அதற்கடுத்த பதினான்கு மாதங்களில் ஒரு ரூபாய்கூட வரவில்லை.

பாலிசி எடுத்துக் கொடுத்தவர் “வீட்டு சிகிச்சையும் கவர் ஆகும்” என்று சொல்லியிருந்தார். பாலிசியிலும் அந்த வரி இருந்தது. ஆனால் நாங்கள் புரிந்துகொண்டது ஒன்று, அந்த வரி சொன்னது வேறொன்று.

அப்புறம்தான் பாலிசி ஆவணங்களை வரிவரியாகப் படிக்கத் தொடங்கினேன். முதலில் எங்கள் வீட்டுக்காக, பிறகு கேட்ட உறவினர்களுக்காக. இந்தியாவில் வயதான பெற்றோரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது எந்த இடத்தில் கைகொடுக்கும், எது கைவிடும் என்று நான் தெரிந்துகொண்டதை இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

சிகிச்சை வேறு, பராமரிப்பு வேறு

எதை வாங்குவது என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம் நாட்டு மருத்துவக் காப்பீடு பாலிசிகளில் எல்லா நிறுவனங்களும் ஒரே சொற்களில் போடும் பொதுவான விலக்குகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இருக்கும். அதில் ஐந்தாம் எண் விலக்கை எடுத்துப் படியுங்கள். ஓய்வுக்காகச் சேர்ப்பது, மறுவாழ்வு, தற்காலிகப் பராமரிப்பு என்ற தலைப்பில் இருக்கும். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, எழுந்து நடக்க உதவுவது போன்ற அன்றாட உதவிகளை வீட்டில் செய்தாலும் சரி, பராமரிப்பு இல்லத்தில் செய்தாலும் சரி, பயிற்சி பெற்ற நர்ஸ் செய்தாலும் சரி, உதவியாளர் செய்தாலும் சரி, அதற்குப் பணம் இல்லை என்று அங்கே எழுதியிருக்கிறது. குணமாகாத நோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்குச் செய்யும் ஆதரவுச் சேவைகளும் அதே விலக்கில் வருகின்றன.

படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவருக்கு மாதாமாதம் ஆகும் செலவில் பெரும்பங்கு எதுவோ, அதைத்தான் இந்தப் பத்தி வெளியே நிறுத்துகிறது. இதை முதல் நாளே யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால் வேறு மாதிரித் திட்டமிட்டிருப்போம்.

இது போதாதென்று பல பாலிசிகளின் பின்னிணைப்பில் ‘பணம் தரப்படாத பொருட்கள்’ என்று 68 வரிப் பட்டியல் ஒன்று இருக்கும். டயப்பர், அட்டெண்டர் கட்டணம், நடக்க உதவும் கருவிகள், வீட்டில் பயன்படுத்தும் ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் அதில் உண்டு. கூடுதல் பிரீமியம் கட்டினால் இந்தப் பட்டியலைச் சேர்த்துக்கொள்ளும் ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ ரைடர், அதாவது பாலிசியோடு இணைக்கும் கூடுதல் பகுதி, கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் ஒரு கிளெய்மோடு சேர்ந்த செலவுக்குத்தான் அது பொருந்தும். வீட்டில் மாதாமாதம் வாங்கும் டயப்பருக்குப் பொருந்தாது.

அப்படியானால் ‘வீட்டு சிகிச்சை’ என்ற அந்த வரி என்ன சொல்கிறது? பாலிசிகளில் இது இரண்டு பெயர்களில் வரும், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலாவது ‘டொமிசிலியரி’. மருத்துவமனையில் சேர்த்தே ஆக வேண்டிய நோய், ஆனால் நோயாளியை நகர்த்த முடியாத நிலை, அல்லது மருத்துவமனையில் இடம் கிடைக்கவில்லை. இந்தச் சூழலில் வீட்டிலேயே நடக்கும் சிகிச்சைக்கு மட்டும் இது. பல பாலிசிகள் மூன்று நாளுக்கு மேல் சிகிச்சை நடந்திருக்க வேண்டும் என்று கேட்கும். ஆஸ்துமா, சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, மூட்டுவாதம் போன்றவற்றுக்குக் கிடையாது என்ற பட்டியலும் கூடவே வரும். வயதானவர்களுக்கு இருப்பதே இந்த நோய்கள்தான்.

இரண்டாவது ‘ஹோம் கேர் ட்ரீட்மென்ட்’. இது கொரோனா காலத்தில் பரவலானது. 2020இல் வந்த கொரோனா கவச் பாலிசியில் வீட்டுச் சிகிச்சைக்கு 14 நாள் வரை இடம் கொடுத்தார்கள். அதன்பிறகு சாதாரணப் பாலிசிகளிலும் இது வரத் தொடங்கியது. மருத்துவர் எழுதிக் கொடுத்து, தினமும் கண்காணிப்போடு நடக்கும் சிகிச்சையாக இருக்க வேண்டும். வீட்டில் செய்யும் டயாலிசிஸ், சிரை வழியாக ஏற்றும் ஆண்டிபயாட்டிக், சில கீமோதெரபி முறைகள் போன்றவை பாலிசியைப் பொறுத்து இதில் வரும். உங்கள் அப்பாவுக்குத் தேவை இப்படிப்பட்ட சிகிச்சை என்றால் இந்த வசதி உண்மையிலேயே பெரிய உதவி. தேவை ஆள் உதவி என்றால், இந்த வரிக்காக ஒரு பாலிசியைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை.

இருக்கும் பாலிசியை மாற்றலாமா?

பலருடைய முதல் யோசனை இதுதான். 20, 30 சதவீதம் கோ-பே உள்ள பழைய சீனியர் பாலிசியை விட்டுவிட்டு, ஹோம் கேர் உள்ள புதியதை எடுக்கலாமா?

விதிமுறைகள் முன்பைவிடத் தளர்ந்திருக்கின்றன. 65 வயதுக்கு மேல் புதிய பாலிசி கொடுக்க வேண்டியதில்லை என்றிருந்த நிலையை 2024 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் மாற்றியது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்தும் அந்த நோய்களுக்குப் பணம் கிடைக்காத காலம்) அதிகபட்சம் நான்கு ஆண்டிலிருந்து மூன்றாகக் குறைந்தது. 2025 ஜனவரியில், மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் இல்லை.

ஆனால் வயது வரம்பு போனது என்றால் எல்லோருக்கும் பாலிசி கிடைக்கும் என்று பொருள் இல்லை. உடல்நிலையைப் பார்த்து மறுக்கவோ பிரீமியத்தைக் கூட்டவோ நிறுவனத்துக்கு இடம் உண்டு. ஏற்கெனவே படுக்கையில் இருப்பவருக்குப் புதிய நிறுவனம் பாலிசி கொடுப்பது அரிது.

பழைய பாலிசிக்கு இருக்கும் ஒரு பலத்தையும் எண்ணிப் பாருங்கள். ஐந்து ஆண்டுகள் இடைவெளியில்லாமல் ஓடிய பாலிசியில், “நீங்கள் அன்று இந்த நோயைச் சொல்லவில்லை” என்று காரணம் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது. மோசடியை நிரூபித்தால்தான் முடியும். போர்ட்டபிலிட்டியில், அதாவது பாலிசியை இன்னொரு நிறுவனத்துக்குக் கொண்டுபோகும் முறையில், மாறினால் முடித்த காத்திருப்புக் காலத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்பது சரிதான். ஆனாலும் புதிய நிறுவனம் எழுத்தில் ஏற்றுக்கொள்ளும் வரை பழையதைக் கைவிடவே கூடாது. எங்கள் சொந்தத்தில் ஒருவர், பிரீமியம் கூடிவிட்டது என்று கோபத்தில் தன் மாமனாரின் பன்னிரண்டு ஆண்டுப் பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டார். ஆறு மாதம் கழித்து மாமனாருக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

சூப்பர் டாப்-அப்

எனக்கு மிகவும் பிடித்த வழி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு குறிப்பிட்ட தொகை வரை நாம் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு மேல் போனால் காப்பீட்டு நிறுவனத்தார் கட்டுவார்கள். அந்தக் கோட்டுக்கு டிடக்டிபிள் என்று பெயர். கோட்டுக்குக் கீழே உள்ளதை இன்னொரு பாலிசி கட்டலாம், நம் சேமிப்பும் கட்டலாம். அடிப்படைப் பாலிசி இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. அடிக்கடி வரும் சின்ன பில்களை அவர்கள் ஏற்காததால், அதே அளவு முழுக் காப்பீட்டைவிட பிரீமியம் நன்றாகவே குறையும்.

டாப்-அப் என்றும் சூப்பர் டாப்-அப் என்றும் இரண்டு இருக்கின்றன. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் பலர் தவறானதை வாங்கிவிடுகிறார்கள். டிடக்டிபிள் 5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஆண்டில் நிமோனியாவுக்கு 3 லட்சம், சிறுநீர்த் தொற்றுக்கு 2.5 லட்சம், மறுபடி நெஞ்சுச் சளிக்கு 2 லட்சம் என மூன்று முறை சேர்க்க நேர்கிறது. மொத்தம் 7.5 லட்சம். வெறும் டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகப் பார்க்கும். எதுவும் 5 லட்சத்தைத் தாண்டாததால் ஒன்றும் கிடைக்காது. சூப்பர் டாப்-அப் ஆண்டின் மொத்தத்தைப் பார்க்கும், 2.5 லட்சம் கொடுக்கும். படுக்கையில் இருப்பவர்கள் ஒரே பெரிய அறுவை சிகிச்சைக்காகப் போவதைவிட இப்படி விட்டு விட்டு மருத்துவமனைக்குப் போவதுதான் அதிகம். ஆகவே இவர்களுக்கு வாங்குவதென்றால் சூப்பர் டாப்-அப் மட்டும்தான்.

வீட்டுப் பராமரிப்புக்கு இதுவும் நேரடியாகப் பணம் தராது. அப்படியானால் ஏன் பிடிக்கும் என்கிறேன்? பராமரிப்புக்கென்று சேர்த்து வைத்த பணத்தை ஒரே ஒரு ஐசியூ வாரம் விழுங்கிவிடக் கூடாது என்பதற்காக. எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. அம்மாவின் அட்டெண்டருக்கு என்று ஒதுக்கிய தொகையில் பாதி, இரண்டாவது முறை மருத்துவமனையில் சேர்த்தபோது கரைந்துபோனது. ஆள் வைப்பதை மூன்று மாதம் நிறுத்தினோம். அந்த மூன்று மாதத்தில் முதுகில் படுக்கைப் புண் வந்தது. அதை ஆற்ற ஆன காலத்தையும் வலியையும் நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

இதிலும் உடல்நிலைக் கேள்வி உண்டு, காத்திருப்புக் காலமும் உண்டு. 60 வயதை ஒட்டி எடுத்தால் எளிது, 75இல் கடினம்.

நோய் வந்ததும் மொத்தமாகப் பணம் தரும் பாலிசி

கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி இந்த வரிசையில் தனித்து நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. பட்டியலில் உள்ள நோய் உறுதியானால் மொத்தத் தொகையையும் கொடுத்துவிடுவார்கள், பில் கேட்பதில்லை. அந்தப் பணத்தில் அட்டெண்டர் வைக்கலாம், குளியலறையில் பிடிமானக் கம்பி போடலாம், வேலைக்குப் போகும் மகள் நீண்ட விடுப்பு எடுத்துக்கொள்ளலாம். வீட்டுப் பராமரிப்புக்கு உண்மையிலேயே உதவும் காப்பீடு என்று நம் ஊரில் கிடைப்பவற்றில் இதைத்தான் சொல்லுவேன்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். பன்னிரண்டு மணி நேர அட்டெண்டருக்கு ஒரு நாளைக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 24,000. பத்து லட்சம் கிடைத்தால் ஏறக்குறைய 41 மாதம் ஓடும். மூன்றரை ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு.

குறைகளும் இருக்கின்றன. பொதுவாக 65 வயதுக்குள் எடுத்தாக வேண்டும். நோய் உறுதியான பிறகு 30 நாள் போல உயிரோடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பலவற்றில் இருக்கும். பக்கவாதம் என்றாலே பணம் வந்துவிடாது. நிரந்தர நரம்புப் பாதிப்பு குறைந்தது மூன்று மாதம் நீடித்ததற்குச் சான்று கேட்பார்கள். சில மணி நேரத்தில் சரியாகிவிடும் சிறு பக்கவாதம் சேராது. மறதி நோயும் பார்க்கின்சன்ஸும் எல்லாப் பட்டியலிலும் இல்லை, இருந்தாலும் வயது வரம்போடு இருக்கலாம்.

இன்னொன்று. வயதானவர்கள் படுக்கையில் விழ முக்கியமான காரணங்களில் ஒன்று கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவது. அது இந்தப் பட்டியலில் வராது. வயதின் தளர்ச்சியால் மெல்ல மெல்லப் படுக்கையாவதும் வராது. ஆகவே இது ஒன்றே போதும் என்று இருந்துவிட முடியாது.

மருத்துவமனையில் இருக்கும் நாளுக்கு இவ்வளவு என்று தரும் ஹாஸ்பிட்டல் கேஷ் பாலிசிகளும் தனிநபர் விபத்துப் பாலிசிகளும் இருக்கின்றன. முதலாவது டிஸ்சார்ஜோடு நின்றுவிடும். இரண்டாவதில் வரும் வாராந்திர உதவி பெரும்பாலும் சம்பாதிப்பவர்களை மனதில் வைத்து வடிவமைத்தது. நம் தேவைக்கு இரண்டையும் தள்ளி வைக்கலாம்.

அரசுத் திட்டங்கள்

“அதெல்லாம் நமக்குக் கிடைக்காது” என்று நடுத்தரக் குடும்பங்கள் பார்க்காமலே ஒதுக்கும் இடம் இது. நாங்களும் அப்படித்தான் ஒதுக்கினோம், அது தவறு.

2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை 70 வயது நிறைந்த எல்லோருக்கும் விரிவாக்கினார்கள். வருமான வரம்பு கிடையாது. ‘வய வந்தனா’ அட்டை என்று பெயர். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அப்பா அம்மா இருவருமே 70 தாண்டியிருந்தால் அந்தத் தொகையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பழைய நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே பொருந்தும். தனியார் பாலிசி வைத்திருப்பவர்களும் எடுக்கலாம். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கான சிஜிஎச்எஸ், முன்னாள் ராணுவத்தினருக்கான இசிஎச்எஸ் போன்றவற்றில் இருப்பவர்கள் மட்டும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆனால் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம். டிஸ்சார்ஜுக்குப் பிறகு 15 நாள் வரை மருந்துச் செலவு. அதைத் தாண்டி வீட்டுக்கு வராது. நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால், அட்டை வாங்குவதோடு நிற்காமல் உங்கள் ஊரில் எந்த மருத்துவமனை அதை ஏற்கிறது, எந்தத் துறைக்கு ஏற்கிறது என்று நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். நள்ளிரவில் ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு கேட்கும் கேள்வியாக அது இருக்கக் கூடாது.

தமிழ்நாட்டில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது.

காப்பீடு இல்லை என்றாலும் இந்த ஒப்பீட்டில் சேர்த்தே ஆக வேண்டியது மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி வைத்தார்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஃபிசியோ செய்பவரும், நோய்த் தணிப்புச் சிகிச்சைக்கான நர்ஸும் வீட்டுக்கு வருகிறார்கள். எந்தப் பாலிசியும் தராத உதவியை இலவசமாக வாசலுக்கே கொண்டுவரும் திட்டம் இது. தினமும் வருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது, ஆள் பற்றாக்குறைக்கு ஏற்ப முறை வைத்து வருவார்கள். ஆனாலும் காத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்) வைத்திருப்பவருக்கு, படுக்கைப் புண் உள்ளவருக்கு, பயிற்சி பெற்ற ஒருவர் வந்து பார்ப்பது எவ்வளவு பெரிய தைரியம் என்பது வீட்டில் இருந்து பார்த்துக்கொள்பவர்களுக்குத் தெரியும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

பிரீமியத்துக்குப் பதில் சொந்த நிதி

சரி, எந்தப் பாலிசியும் அட்டெண்டருக்குப் பணம் தராது என்றால் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? பெற்றோரின் சேமிப்பை மாத வருமானமாக மாற்றுவதுதான் எனக்குத் தெரிந்த வழி.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 2023க்கு முன்பு 15 லட்சமாக இருந்தது. 2025இல் வட்டி 8.2 சதவீதம். முப்பது லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும், அதாவது மாதத்துக்கு 20,500. மேலே சொன்ன பகல்நேர அட்டெண்டர் செலவில் ஆறில் ஐந்து பங்குக்கு மேல் இதிலேயே வந்துவிடுகிறது, முதலும் அப்படியே இருக்கிறது. எல்லோரிடமும் 30 லட்சம் இருக்காது. 10 லட்சம் என்றாலும் மாதம் 6,833 ரூபாய். வாரம் இரண்டு முறை ஃபிசியோவுக்கும் டயப்பருக்கும் ஆகும். இதோடு அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் 9 லட்சம் போட்டால், 7.4 சதவீதத்தில் மாதம் 5,550 ரூபாய்.

மொத்தத்தையும் ஒரே கணக்கில் போட வேண்டாம். இரண்டு மூன்றாகப் பிரித்துப் போட்டால், அவசரத்துக்கு ஒன்றை மட்டும் மூடலாம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தை ஓராண்டு முடிந்து, இரண்டாண்டுக்குள் மூடினால் போட்ட தொகையில் 1.5 சதவீதம் பிடிப்பார்கள், அதற்கப்புறம் 1 சதவீதம். ஓராண்டுக்குள் மூடினால் கொடுத்த வட்டியையே திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

வீடு மட்டும் சொந்தமாக இருக்கிறது, கையில் பணம் இல்லை என்பவர்களுக்கு ரிவர்ஸ் மார்ட்கேஜ் என்ற வழி 2007 முதல் இருக்கிறது. 60 வயதானவர் வீட்டை அடமானம் வைத்து வங்கியிடமிருந்து மாதாமாதம் பணம் பெறலாம், கடைசி வரை அந்த வீட்டிலேயே வாழலாம். பிள்ளைகள் பிறகு கடனைக் கட்டி வீட்டை மீட்கலாம். நம் குடும்பங்களில் இதைப் பற்றிப் பேசவே தயங்குகிறார்கள். பெற்றோர் கட்டிய வீடு பெற்றோரின் கடைசிக் காலத்துக்கு உதவுவதில் எந்தத் தவறும் எனக்குத் தெரியவில்லை.

பழைய வரி முறையில் இருப்பவர்கள் வரிச் சலுகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெற்றோரின் பிரீமியத்துக்கு 1961 வருமான வரிச் சட்டத்தின் 80டி பிரிவில் 50,000 ரூபாய் வரை கழிவு. அவர்களுக்குப் பாலிசியே இல்லை என்றால், ரொக்கமாக இல்லாமல் செய்த மருத்துவச் செலவுக்கு அதே 50,000. பலருக்குத் தெரியாதது 80டிடி. சார்ந்து வாழும் பெற்றோருக்கு 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் என்று அரசு மருத்துவச் சான்று இருந்தால் 75,000 ரூபாய், 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாய் கழிவு. எவ்வளவு செலவு செய்தீர்கள் என்று பார்க்காமல் முழுத் தொகையும் கிடைக்கும். பக்கவாதத்தால் கை கால் முடங்கியவர்களின் பிள்ளைகள் அந்தச் சான்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

யாருக்கு எது?

அப்பாவுக்கு 62, சர்க்கரை மட்டும் இருக்கிறது, நன்றாக நடமாடுகிறார் என்றால் உங்கள் கையில் எல்லா வழியும் இருக்கிறது. 5 லட்சத்துக்கு ஓர் அடிப்படைப் பாலிசி, அதற்கு மேல் சூப்பர் டாப்-அப், கொடுக்கிறார்கள் என்றால் 10 லட்சத்துக்குக் கிரிட்டிக்கல் இல்னஸ். சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள். மூன்று ஆண்டுக் காத்திருப்பை 65இல் முடித்துவிடலாம்.

அம்மாவுக்கு 74, பழைய பாலிசி இருக்கிறது, ஏற்கெனவே படுக்கையில் இருக்கிறார் என்றால் புதிதாக எதையும் தேடி அலைய வேண்டாம். கோ-பே எவ்வளவாக இருந்தாலும் பழையதைத் தவறாமல் புதுப்பியுங்கள். வய வந்தனா அட்டையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பராமரிப்புக்குத் தனி நிதி.

கடினமானது மூன்றாவது வகை. வயது 78, இதுவரை எந்தப் பாலிசியும் இல்லை, இடுப்பெலும்பு முறிந்து வீட்டில் இருக்கிறார். ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 65,000 ரூபாய் பிரீமியத்தில், 30 சதவீதம் கோ-பேயோடு பாலிசி தர முன்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டில் 1,95,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள், பழைய நோய்களுக்கு அதுவரை ஒன்றும் கிடைக்காது. என்னிடம் கேட்டால் அந்தப் பணத்தைப் பராமரிப்பு நிதியில் போட்டுவிட்டு, மருத்துவமனைச் செலவுக்கு அரசு அட்டையை நம்புவேன். உங்கள் ஊரைச் சுற்றி அட்டையை ஏற்கும் நல்ல மருத்துவமனை ஒன்றுகூட இல்லை என்றால் மட்டும் என் பதில் மாறும். அப்போது பாலிசி எடுப்பதே மேல், புதிதாக வரும் நோய்க்காவது உதவும்.

கையெழுத்துப் போடும் முன், பாலிசியின் முக்கிய விவரங்களைச் சுருக்கித் தரும் வாடிக்கையாளர் தகவல் தாளைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். கேட்டால் உள்ளூர் மொழியில் தர வேண்டும் என்பது விதி. அதில் ஹோம் கேருக்கு உச்சவரம்பு எவ்வளவு, டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு எத்தனை நாள் என்று பாருங்கள். 60 நாள் என்பது பரவலானது, 90, 180 நாள் தருபவையும் உண்டு. பக்கவாத நோயாளிக்கு இந்த ஒரு வித்தியாசமே பல மாத ஃபிசியோ பணம். சூப்பர் டாப்-அப் எடுப்பவர்கள், அரசு அட்டை கட்டிய தொகையை டிடக்டிபிளில் சேர்த்துக்கொள்வார்களா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு மனம் மாறினால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

கிளெய்ம் கேட்கும்போது டிஸ்சார்ஜ் சம்மரிதான் எல்லாமே. எங்கள் முதல் ஃபிசியோ பில்லைத் திருப்பி அனுப்பினார்கள். சம்மரியில் ‘உடற்பயிற்சி’ என்று மட்டும் இருந்தது காரணம். மருத்துவரிடம் திரும்பப் போய், வாரம் ஐந்து நாள், எட்டு வாரம், வீட்டில் வந்து செய்ய வேண்டும் என்று எழுதி வாங்கிய பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள். நர்ஸ் செய்த வேலைக்கும் அட்டெண்டர் செய்த வேலைக்கும் ஏஜென்சியிடம் தனித்தனி பில் கேளுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் இரண்டும் போய்விடும். மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

அம்மாவின் பாலிசி அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. பிரீமியம் இந்த முறையும் கூடியிருக்கிறது, கட்டப்போகிறோம். அப்பாவுக்கு இப்போது 69. அவர் பெயரில் சூப்பர் டாப்-அப் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம், மருத்துவப் பரிசோதனைக்கு வரும் செவ்வாய்க்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள்.